வீட்டுப் பட்டறைக்கு ஆர்கான் வெல்டிங் இயந்திரம் தேர்ந்தெடுக்கும் முறை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என எல்லையை ஒட்டிய ஊர்களில் வாழும் நமக்கு வெல்டிங் இயந்திரம் வாங்குவதில் ஒரு வசதி உண்டு. கிழக்கே போனால் கோயம்புத்தூர்க் கடைகள். மேற்கே போனால் பாலக்காடும் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையும். பம்பும் கிரைண்டரும் செய்யும் நகரம் என்பதால் கோவையில் இயந்திர வகைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அங்கே விற்பவை பெரும்பாலும் நாள் முழுவதும் ஓடும் பட்டறைகளை மனத்தில் வைத்து வாங்கி வைக்கப்பட்டவை. ஓய்வு நேரத்தில் வீட்டின் பின்புறத்தில் எவர்சில்வர் தகட்டையோ சைக்கிள் சட்டத்தையோ ஒட்டிப் பார்க்க விரும்புகிறவரிடமும் கடைக்காரர் முதலில் கேட்பது எத்தனை ஆம்பியர் வேண்டும் என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் முன், எந்த உலோகத்தை ஒட்டப் போகிறோம், வீட்டு மின்னிணைப்பு எவ்வளவு தாங்கும், ஆர்கான் எங்கிருந்து வரும் என்ற மூன்றையும் தீர்மானித்துவிட வேண்டும். இவை முடிவானால் இயந்திரம் ஏறத்தாழத் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில், உங்களுக்கு உண்மையிலேயே டிக் வெல்டிங் தேவைதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இரும்புக் கேட், மாட்டுக்கொட்டகைத் தூண், டிராக்டர் டிரெய்லரின் சட்டம் போன்ற வேலைகளுக்குச் சாதாரண ராடு வெல்டிங்கே போதும். அதற்கு வாயுவும் வேண்டாம், காற்றைப் பற்றிய கவலையும் வேண்டாம். நம் பகுதியில் ஆர்கான் வெல்டிங் என்று சொல்லப்படும் டிக் முறையில் ஒரு கையில் டார்ச்சும் மறு கையில், உருகி ஒட்டில் சேரும் ஃபில்லர் கம்பியும் இருக்கும். வேலை மெதுவாக நகரும். துருவும் எண்ணெயும் பெயின்டும் முற்றிலும் நீக்கப்பட்டிருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஈடாகக் கிடைப்பது மெல்லிய தகட்டிலும் துல்லியமாக வெப்பத்தை அடக்கி ஆளும் திறன். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரிடித் என்பவர் இந்த முறையை உருவாக்கியது மக்னீசியம் என்னும் இலேசான உலோகத்தை ஒட்டுவதற்காகத்தான். உருகிய உலோகத்தில் காற்றுப் படாமல் காக்கும் வாயுவாக, இன்றைய ஆர்கானின் இடத்தில், அப்போது ஹீலியம் பயன்பட்டது. மெல்லிய, இலேசான உலோகங்களுக்காகப் பிறந்த இந்த முறையின் அருமை குறைந்த ஆம்பியரில்தான் தெரியும் என்பதை வாங்கும்போது மறக்கக் கூடாது.

டிசியா, ஏசியும் டிசியும் சேர்ந்ததா?

இயந்திரத்தின் விலையை வேறு எதையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது இந்த ஒரு முடிவுதான். இரும்பு, எவர்சில்வர், செம்பு ஆகியவற்றுக்கு ஒரே திசையில் ஓடும் மின்னோட்டமான டிசி போதும். அலுமினியத்துக்குத் திசை மாறி மாறி ஓடும் ஏசி வேண்டும். இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் கடையில் யாரும் வேறு விதமாகச் சொல்லி விற்றுவிட முடியாது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகுகிறது; ஆனால் அதன் மேல் எப்போதும் படர்ந்திருக்கும் ஆக்சைடு படலம் உருகுவதற்கு 2,000 டிகிரிக்கும் மேல் வேண்டும். டிசியில் டார்ச் எதிர்முனையில் இருக்கும்போது வெப்பத்தின் பெரும்பங்கு வேலைப்பொருளுக்குள் இறங்குகிறது, டார்ச்சின் முனையிலுள்ள டங்ஸ்டன் கம்பி குளிர்ச்சியாக இருக்கிறது, ஆனால் அந்தப் படலம் உடைவதில்லை. உள்ளே உலோகம் உருகி ஓட, மேலே தோல் அப்படியே நிற்கும். ஏசியில் டார்ச் நேர்முனையாக மாறும் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் படலம் உடைக்கப்படுகிறது. எதிர்முனையாக மாறும் அரைச் சுற்றில் உலோகம் உருகுகிறது. நல்ல இயந்திரங்களில் இந்த இரண்டு பாதிகளின் விகிதத்தையும், ஒரு விநாடியில் எத்தனை முறை மாறுகிறது என்பதையும் தனித்தனியே திருப்பி வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு திருகுகளும் இல்லாத ஏசி இயந்திரத்தைத் தொடக்கக்காரர் வாங்காமல் இருப்பதே நல்லது.

ஏசியும் உள்ள இயந்திரத்தின் விலை, அதே ஆம்பியர் கொண்ட டிசி இயந்திரத்தைப்போல இரு மடங்குக்கும் மேல் போவது வழக்கம். ஆகவே 'என்றாவது ஒருநாள் அலுமினியம் ஒட்டுவோம்' என்ற எண்ணத்துக்காக அந்தப் பணத்தைக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடந்த ஓராண்டில் உங்கள் வீட்டிலும் தோட்டத்திலும் உடைந்து நின்ற பொருள்களை எண்ணிப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை எவர்சில்வர் கைப்பிடி, இரும்பு நாற்காலி, மருந்து தெளிப்பானின் சட்டம் என்றால் டிசி இயந்திரமே உங்களுக்குரியது. மோட்டார் சைக்கிளின் அலுமினிய உறைகள், ஏணி, படகு என்று வேலை இருந்தால் முதலிலேயே ஏசி உள்ளதை வாங்குவதுதான் சிக்கனம். டிசியை வாங்கிப் பின்னால் மாற்றுவது இரட்டைச் செலவு. வார்ப்பிரும்புப் பம்பு உறைகளை ஒட்டுவதற்காக டிக் வாங்க நினைப்பவர்கள் அந்த நோக்கத்தை விட்டுவிடலாம். வார்ப்பிரும்பு சூடேறி ஆறும்போது எளிதில் விரிசல் விடுவது. அதற்கு நிக்கல் ராடும் பொறுமையான முன்சூடும் வேண்டும்.

ஆர்க் எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது

வீட்டுப் பயன்பாட்டுக்கான இயந்திரங்களில் நல்லதையும் மட்டமானதையும் பிரிக்கும் கோடு இங்கேதான் இருக்கிறது. விளம்பரத்தில் இதைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதுவார்கள். டங்ஸ்டன் முனைக்கும் தகட்டுக்கும் இடையே எரியும் மின்சுடரான ஆர்க்கைத் தொடங்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, தீக்குச்சியைப்போல டங்ஸ்டன் முனையைத் தகட்டில் உரசித் தொடங்குவது. அப்படி உரசும்போது முனை மழுங்குவதோடு டங்ஸ்டன் துணுக்கு ஒட்டிலும் சிக்கிக்கொள்கிறது. இரண்டாவது லிஃப்ட் முறை: முனையைத் தகட்டில் மெதுவாக வைத்து எடுத்தால், மிகக் குறைந்த மின்னோட்டத்தில் தொடங்கிப் பின்பு நாம் வைத்த ஆம்பியருக்கு ஏறும். மூன்றாவது ஹெச்.எஃப். என்னும் உயர் அதிர்வெண் முறை. முனை தகட்டைத் தொடாமலேயே பொத்தானை அழுத்தியதும் தீப்பொறி தாவி ஆர்க் பிடிக்கும். ஏசியில் அலுமினியம் ஒட்டுவதற்கு ஹெச்.எஃப். ஏறத்தாழக் கட்டாயம். டிசி வேலைக்கு ஒழுங்காக வேலை செய்யும் லிஃப்ட் போதுமானது. ஆனாலும் விலை வித்தியாசம் சிறிதென்றால் ஹெச்.எஃப். உள்ளதையே எடுங்கள். அதன் தீமையையும் அறிந்திருக்க வேண்டும்: அருகிலுள்ள ரவுட்டர், எல்.இ.டி. விளக்கு போன்றவற்றை அது தடுமாற வைக்கலாம், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி.யைத் தட்டிவிடுவதும் உண்டு. வீட்டில் இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்திய பெரியவர்கள் இருந்தால் எந்த வெல்டிங் இயந்திரமானாலும் அவர்களை அதன் அருகே வரவே விடக் கூடாது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் எதையும் தொடங்க வேண்டும்.

ஆர்க்கைத் தொடங்குவதைவிட முடிப்பது முக்கியம் என்று நான் கருதுகிறேன். பல மலிவான இயந்திரங்கள் உண்மையில் ராடு வெல்டிங் இயந்திரங்களே. அவற்றோடு கைத்திருகு வால்வு உள்ள ஒரு டார்ச்சைக் கொடுத்து டிக் என்று விற்கிறார்கள். அவற்றில் ஆர்க்கை நிறுத்த வேண்டுமானால் டார்ச்சைச் சட்டென்று விலக்கித்தான் ஆக வேண்டும். அப்போது உருகிய குளம் ஆர்கான் காப்பை இழந்து காற்றில் படுகிறது. ஒட்டின் முடிவில் ஒரு குழியும், அந்தக் குழியிலிருந்து நட்சத்திரம்போல் ஒரு விரிசலும் தோன்றும். முழுமையான டிக் இயந்திரத்தில், டார்ச்சில் உள்ள பொத்தானை விட்டதும் மின்னோட்டம் சில விநாடிகளில் படிப்படியாக இறங்கும். ஆர்க் அணைந்த பிறகும் வாயு சிறிது நேரம் ஓடி, சூடான முனையையும் ஒட்டையும் காக்கும். பத்து ஆம்பியருக்கு ஒரு விநாடி என்ற கணக்கில் இந்தப் பின்வாயு நேரத்தை வைப்பது ஒரு நல்ல தொடக்கம். ஆகவே வாயுவைத் திறந்து மூடும் வால்வு இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறதா, மின்னோட்டம் இறங்கும் நேரத்தையும் பின்வாயு நேரத்தையும் மாற்ற முடியுமா என்ற கேள்விகளுக்கு ஆம் என்ற விடை வராத இயந்திரத்தை, அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், டிக் என்ற பெயரில் வாங்க வேண்டாம்.

இதே வரிசையில் வருவது மிகக் குறைந்த ஆம்பியர். இரும்பில் ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கு ஏறத்தாழ 40 ஆம்பியர் என்பது பட்டறைக் கணக்கு. எவர்சில்வர் பாத்திரத் தகடு 0.8 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் 30 ஆம்பியருக்கும் கீழே வேலை செய்ய வேண்டிவரும். ஒட்டை முடிக்கும்போது இன்னும் கீழே இறங்க வேண்டும். பத்து ஆம்பியரில் ஆர்க் நடுங்காமல் நிற்கும் இயந்திரம்தான் வீட்டு வேலைக்கு உண்மையில் பயன்படும். காலால் அழுத்தி ஆம்பியரை ஏற்றி இறக்கும் பெடலை இணைக்க முடிந்தால் மேலும் நல்லது. பெடலை உடனே வாங்காவிட்டாலும் அதற்கான சாக்கெட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தை விட்டுவிட்டு ஏற்றி இறக்கும் பல்ஸ் வசதி மெல்லிய தகட்டில் கோணலைக் குறைக்கும். ஆனால் அது இல்லையே என்று வருந்தத் தேவையில்லை.

ஆம்பியர் எண்ணும் பெயர்ப்பலகையும்

இனி அந்த எண்ணுக்கு வரலாம். வீட்டுக்கு 160 முதல் 200 ஆம்பியர் வரையுள்ள இயந்திரம் தாராளம். மேலே சொன்ன கணக்குப்படி 200 ஆம்பியர் என்பது 5 மில்லிமீட்டர் இரும்புக்குச் சமம். சிக்கல் என்னவென்றால், பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்ப முடிவதில்லை. அதைச் சோதிக்கக் கடையிலேயே ஒரு வழி உண்டு. சர்வதேசத் தரமான ஐ.ஈ.சி. 60974-1 டிக் வெல்டிங்குக்கு ஆர்க் வோல்டேஜை இப்படி வகுத்திருக்கிறது: 10 வோல்ட்டோடு ஆம்பியரின் 0.04 மடங்கைக் கூட்ட வேண்டும். 200 ஆம்பியருக்கு அது 18 வோல்ட். ஆர்க்கில் மட்டும் 3,600 வாட் செலவாகிறது. இயந்திரத்தின் உள்ளிழப்பையும் சேர்த்தால் சுவரிலிருந்து ஏறத்தாழ 4,500 வாட் வர வேண்டும். பின்பக்கப் பெயர்ப்பலகையில் 230 வோல்ட்டில் அதிகபட்ச உள்மின்னோட்டம் 14 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், உள்ளே போவதே 3,220 வோல்ட்-ஆம்பியர்தான். அதிலிருந்து 200 ஆம்பியர் டிக் வருவதற்கு வழியே இல்லை. இந்தப் பெருக்கலை ஒரு கைப்பேசியில் செய்து பார்த்தால் போதும், பல பளபளப்பான பெட்டிகள் உங்கள் பட்டியலிலிருந்து விலகிவிடும்.

அதே பலகையில் டியூட்டி சைக்கிள் என்ற சதவீதமும் இருக்கும். பத்து நிமிடங்களில் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஒட்டலாம் என்பதை அது குறிக்கிறது: 200 ஆம்பியரில் 60 சதவீதம் என்றால் ஆறு நிமிடம் வேலை, நான்கு நிமிடம் ஓய்வு. நிறுத்தாமல் ஓட்டக்கூடிய மின்னோட்டத்தைத் தோராயமாக அறிய, அந்தச் சதவீதத்தின் வர்க்கமூலத்தால் ஆம்பியரைப் பெருக்க வேண்டும்; 60 சதவீத இயந்திரம் ஏறத்தாழ 155 ஆம்பியரிலும், 35 சதவீத இயந்திரம் 118 ஆம்பியரிலும் தொடர்ந்து ஓடும். வீட்டு வேலையில் நாம் ஒட்டும் நேரத்தைவிடத் தகட்டைத் தேய்ப்பதற்கும் பொருத்துவதற்கும் எடுக்கும் நேரமே அதிகம் என்பதால் 35 சதவீதமே பெரும்பாலும் போதும். ஆனால் மேலே சொன்ன ஐ.ஈ.சி. தரத்தின்படி இந்தச் சோதனை 40 டிகிரி வெப்பநிலையில் செய்யப்பட வேண்டும். சில மலிவான இயந்திரங்களின் குறிப்பேட்டில் 25 டிகிரி என்றோ எந்த வெப்பநிலையும் குறிக்காமலோ இருப்பதைக் காணலாம். பாலக்காட்டுப் பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழே வேலை செய்கிறவருக்கு இது சிறிய வித்தியாசமே அல்ல. 40 டிகிரி என்று தெளிவாக எழுதியிருக்கும் இயந்திரத்துக்குக் கூடுதலாகச் சிறிது கொடுக்கலாம்.

வீட்டு மின்னிணைப்பு

மேலே சொன்ன 4,500 வாட்டோடு, இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு வேலைக்கு உதவுகிறது என்பதைக் காட்டும் பவர் ஃபேக்டரையும் கணக்கில் எடுத்தால், அதைத் திருத்தும் சுற்று இல்லாத சாதாரண இன்வெர்ட்டர் வகை வெல்டிங் இயந்திரம் 200 ஆம்பியரில் 28 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வீட்டிலுள்ள 16 ஆம்பியர் பவர் பிளக் இதைத் தாங்காது. அதே இயந்திரம் 100 ஆம்பியரில் 11 ஆம்பியர் அளவில்தான் இழுக்கும் என்பதால், மெல்லிய தகட்டு வேலைக்கு அந்தப் பிளக்கே போதும். ஆகவே முழு ஆம்பியரில் ஒட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் 32 ஆம்பியர் தொழிற்சாலை வகைச் சாக்கெட்டும் தனி எம்.சி.பி.யும் வைத்து, மீட்டர் பலகையிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். வயரின் தடிப்பில் சிக்கனம் பார்க்கக் கூடாது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை 30 மீட்டர் தூரம் இழுத்து 25 ஆம்பியர் எடுத்தால், போய்வரும் வழியில் 11 வோல்ட் இறங்கிவிடும். 4 சதுர மில்லிமீட்டரில் அது 7 வோல்ட்டாகக் குறையும். தென்னந்தோப்புக்கு நடுவே வீடு இருந்து, சுற்றிலும் பம்புசெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடும்போது வோல்டேஜ் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் இடங்களில் இந்தச் சில வோல்ட்டுகளே ஆர்க் நிற்பதையும் அணைவதையும் தீர்மானிக்கும்.

அப்படிப்பட்ட இடங்களுக்குப் பவர் ஃபேக்டர் திருத்தச் சுற்று உள்ள இயந்திரம் பொருத்தமானது. அதே வேலைக்கு 20 ஆம்பியர் அளவில்தான் அது இழுக்கும். அவற்றில் பல, வோல்டேஜ் வெகுவாகத் தாழ்ந்தாலும் வேலை செய்யக் கூடியவை. விலை கூடுதல்தான், ஆனால் ஏசி வசதிக்குச் செலவழிப்பதற்கு முன் இதற்குச் செலவழிக்கலாமா என்று எல்லையோரக் கிராமங்களில் உள்ளவர்கள் யோசிப்பது நல்லது. வீட்டு பேட்டரி இன்வெர்ட்டரோடு இணைந்த பிளக்கில் வெல்டிங் இயந்திரத்தை ஒருபோதும் செருக வேண்டாம். எர்த் இணைப்பு உறுதியாக இருக்கிறதா என்று வயர்மேனை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். இணைப்பு வீட்டு உபயோகத்துக்கானது என்பதால், கூடுதல் பளு சேர்ப்பதைப் பற்றி அந்தந்த மாநில மின்வாரியத்தின் செக்‌ஷன் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது முறை. காசு வாங்கி வெளியாருக்கு ஒட்டிக் கொடுக்கத் தொடங்கினால் கட்டண வகையே மாறிவிடும்.

ஆர்கானும் கணவாய்க் காற்றும்

டிக் இயந்திரம் வாங்கியவர்கள் அதை மூலையில் போட்டுவிடுவதற்கு முதல் காரணம் வாயு கிடைக்காததுதான். நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் பெரிய ஆர்கான் சிலிண்டர் 47 லிட்டர் கொள்ளளவு உடையது. ஏறத்தாழ 150 பார் அழுத்தத்தில் 7 கன மீட்டர் வாயுவைக் கொண்டிருக்கும். நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் செலவானால் பதினான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆர்க் எரியும். பொழுதுபோக்காக ஒட்டுகிறவருக்கு அது பல மாத வேலை. 1.5 கன மீட்டர் கொண்ட சிறிய சிலிண்டர் மூன்று மணி நேரம் வரும்; தூக்க எளிது, ஆனால் கன மீட்டருக்கான விலை மிகவும் கூடுதல். மாத வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா என்றால், விட்டுவிட்டு வேலை செய்கிறவருக்குச் சொந்தச் சிலிண்டரே நல்லது. சும்மா நிற்கும் மாதங்களுக்கு வாடகை ஏறாது. வாங்கும்போது கழுத்தில் பொறித்திருக்கும் அழுத்தச் சோதனைத் தேதியைப் பாருங்கள். ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை அந்தச் சோதனை நடக்க வேண்டும். தேதி தாண்டியதை நிரப்பித் தர மாட்டார்கள்.

எல்லையோரத்தில் உள்ளவர்கள் இதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இயந்திரத்தை எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் வாங்கலாம். சிலிண்டரை மட்டும், காலியானதும் நீங்கள் எளிதில் போய் மாற்றக்கூடிய பக்கத்தில் வாங்குங்கள். ஒரு வாயு நிறுவனத்தின் முத்திரை உள்ள சிலிண்டரை மற்றொரு நிறுவனம் மாற்றிக் கொடுப்பதில்லை. கோவை குறிச்சியின் சிட்கோ தொழிற்பேட்டையில் வாங்கியதைக் கஞ்சிக்கோட்டில் நிரப்பிக்கொள்ளலாம் என்று எதிர்பார்த்துவிட்டுப் பின்னர் அலைய நேரக் கூடாது. கொண்டுவரும்போது வால்வு மேல் மூடியைத் திருகி, வண்டியில் அசையாமல் கட்டி வர வேண்டும். கேட்கும்போது தூய ஆர்கான் என்று அழுத்திச் சொல்லுங்கள், சி.ஓ.டூ வெல்டிங் செய்யும் பட்டறைகளுக்காக ஆர்கானில் கரியமில வாயு கலந்த சிலிண்டர்களும் அதே கடையில் இருக்கும். அந்தக் கலவை டிக்கில் போனால் டங்ஸ்டன் முனை சில விநாடிகளில் கருகிப் போகும்.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலிருந்து ஆவணி வரை வீசும் மேற்குக் காற்றைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நிறுத்தியிருப்பதே அதை நம்பித்தான். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதிநூல், மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசும் இடத்தில் டிக் வெல்டிங் செய்யக் கூடாது என்கிறது. அந்த வேகம் ஒரு மெல்லிய இளங்காற்றுதான். தென்னை ஓலை அசையும் நாளிலேயே அது எட்டப்பட்டுவிடும். காற்று அடிக்கிறதென்று வாயுவின் ஓட்டத்தை நிமிடத்துக்கு 15, 20 லிட்டராக ஏற்றினால் பயன் இல்லை. வாயு சுழன்று கொந்தளித்து வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேற்குப் பக்கம் சுவரோ தகரத் தடுப்போ உள்ள மூலையைத் தேர்ந்தெடுத்து வேலைமேசையை அங்கே வைப்பதும், டார்ச்சில் கேஸ் லென்ஸ் என்னும் சல்லடை போன்ற உறுப்பைப் பொருத்தி வாயுவை நேராக இறங்கச் செய்வதுமே வழி. அந்த உறுப்பின் விலை சொற்பம். ஆகவே இயந்திரத்தோடு வரும் டார்ச்சுக்கு அது கிடைக்குமா என்று கடையிலேயே கேளுங்கள். மூலையை முழுவதும் அடைத்துவிடவும் கூடாது. ஆர்கான் காற்றைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கனமானது. தாழ்ந்த இடத்தில் தேங்கி, மணமும் நிறமும் இல்லாமல் மூச்சுக்காற்றை வெளியே தள்ளிவிடும். கிணற்றுக்குள் இறங்கி மோட்டார்ச் சட்டத்தை ஆர்கானில் ஒட்டுவது உயிருக்கு ஆபத்தான வேலை. சட்டத்தைக் கழற்றி மேலே கொண்டுவந்துதான் ஒட்ட வேண்டும்.

டார்ச், டங்ஸ்டன், தலைக்கவசம்

டார்ச்சில் 17 என்ற எண் கொண்டது ஏறத்தாழ 150 ஆம்பியர் வரையும், 26 என்பது 200 வரையும் காற்றாலேயே குளிர்பவை. மெல்லிய வேலைக்கு 17 கைக்கு இலேசாக இருக்கும். தண்ணீரால் குளிரும் டார்ச் வீட்டுக்குத் தேவையில்லை. இந்த எண்கள் உலகெங்கும் பொதுவானவை என்பதால் அவற்றின் உதிரிப்பாகங்கள் எந்தக் கடையிலும் கிடைக்கும். தனக்கென்று தனி வடிவ டார்ச் வைத்திருக்கும் இயந்திரத்தைத் தவிர்க்கலாம். டிசியில் டார்ச்சை எதிர்முனையில்தான் செருக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்; மாற்றிச் செருகினால் டங்ஸ்டன் முனை உருண்டையாக உருகிவிடும்.

டங்ஸ்டன் ராடில் நிற அடையாளம் உண்டு. சிவப்பு முனை கொண்டது 2 சதவீதத் தோரியம் கலந்தது; நம் கடைகளில் இன்னும் அதுவே முதலில் கையில் கொடுக்கப்படுகிறது. மணவாளக்குறிச்சியிலும் சவராவிலும் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் மோனசைட்டில் இருக்கும் அதே தோரியம்தான் இது. மென்மையான கதிரியக்கம் உடையது. ராடைக் கையில் பிடிப்பதில் பெரிய ஆபத்து இல்லை. முனையைக் கூர்மையாக்கக் கிரைண்டரில் தேய்க்கும்போது எழும் தூசி மூச்சில் போய் நுரையீரலில் தங்குவதுதான் கேடு. குழந்தைகள் நடமாடும் வீட்டு முற்றத்தில் அந்தத் தூசிக்கு இடமே கொடுக்கக் கூடாது. பொன்னிறமோ நீலமோ உள்ள லாந்தனம் ராடும் சாம்பல் நிறச் சீரியம் ராடும் அதே அளவு நன்றாக வேலை செய்கின்றன. லாந்தனம் ஏசி, டிசி இரண்டுக்கும் ஒத்துவரும். 1.6 மில்லிமீட்டர், 2.4 மில்லிமீட்டர் என்ற இரண்டு தடிப்புகளை வைத்துக்கொண்டால் வீட்டு வேலை முழுவதும் முடிந்துவிடும். ஃபில்லர் கம்பியில் இரும்புக்கு இ.ஆர். 70 எஸ் 6, எவர்சில்வருக்கு இ.ஆர். 308 எல், அலுமினியத்துக்கு இ.ஆர். 4043 என்று தொடங்கலாம்.

தானாகக் கறுக்கும் தலைக்கவசத்தை வாங்கும்போது அது டிக்குக்கு ஏற்றதா என்று கேட்பது அவசியம். ராடு வெல்டிங்கின் பேரொளியை நன்றாக உணரும் மலிவான கவசம், 15 ஆம்பியர் டிக் ஆர்க்கை உணராமல் விட்டுவிட்டு மின்னி மின்னித் திறந்துகொள்ளும். அன்றிரவே கண்ணில் மணல் கொட்டியதுபோல் வலி தொடங்கும். நான்கு சென்சார்கள் உள்ளதும், 10 ஆம்பியருக்கும் கீழே உணரும் என்று எழுதியிருப்பதும் வேண்டும். டிக்கின் புற ஊதாக் கதிர் தோலையும் சுடும். ஆகவே பருத்தி முழுக்கைச் சட்டையும் மெல்லிய ஆட்டுத்தோல் கையுறையும் அணியுங்கள், பாலியெஸ்டர் துணி வேண்டாம். தகட்டைத் துடைக்க அசிட்டோன் பயன்படுத்தலாம்; அது முழுவதும் உலர்ந்த பிறகே ஆர்க் பிடிக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தொடவே கூடாது. அதன் எச்சத்தின் மேல் ஆர்க் பட்டால் ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகும்.

சிலிண்டர், வாயு ஓட்டத்தைக் காட்டும் ஃப்ளோமீட்டரோடு கூடிய ரெகுலேட்டர், கவசம், கையுறை, ராடுகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு சாதாரண டிசி இயந்திரத்தின் விலையை ஏறத்தாழ எட்டிவிடும். கையிலுள்ள பணத்தில் பாதியைத்தான் இயந்திரத்துக்கு ஒதுக்கலாம் என்று எண்ணிக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

கடைக்குப் போகும்போது ஒரு மில்லிமீட்டர் எவர்சில்வர்த் தகட்டுத் துண்டுகளையும் மூன்று மில்லிமீட்டர் இரும்புத் துண்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள். ஏசி இயந்திரம் என்றால் அலுமினியத் துண்டும் வேண்டும். உங்களுக்கு ஒட்டத் தெரியாவிட்டால் தெரிந்த வெல்டர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். மிகக் குறைந்த ஆம்பியரில் பலமுறை தொடர்ந்து ஆர்க்கைத் தொடங்கச் சொல்லிப் பாருங்கள்; ஒவ்வொரு முறையும் உடனே பிடிக்க வேண்டும். பிறகு 100 ஆம்பியரில் சில நிமிடம் ஓட்டி, மின்விசிறி ஓடுகிறதா, ஆர்க் தளர்கிறதா என்று கவனியுங்கள். முடிக்கும்போது மின்னோட்டம் படிப்படியாக இறங்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். டங்ஸ்டன் முனை ஆறிய பிறகு வெள்ளியைப்போல் பளபளத்தால் பின்வாயு சரியாக ஓடுகிறது. நீலமோ கறுப்போ ஆகியிருந்தால் நேரத்தைக் கூட்டி மறுபடி பாருங்கள். அலுமினியத்தில் ஒட்டின் இருபுறமும் வெண்மையான பட்டை தெரிந்தால் ஆக்சைடு படலம் நீங்குகிறது என்று பொருள்.

2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்ததோடு வாளையாறு வணிக வரிச் சோதனைச்சாவடியின் பழைய காத்திருப்பு முடிந்துவிட்டது. ஆனாலும் பில் இல்லாமல் எதையும் எல்லை தாண்டிக் கொண்டுவர வேண்டாம். பில்லில் இயந்திரத்தின் வரிசை எண் இருக்க வேண்டும். உத்தரவாதக் காலத்தில் பழுது பார்ப்பது எந்த ஊரில், கொண்டுபோகும் செலவு யாருடையது, உள்ளே இருக்கும் போர்டு தனியாகக் கிடைக்குமா என்பவற்றையும் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், பம்புசெட்டுகள் ஓடி வோல்டேஜ் தாழ்ந்திருக்கும் நேரத்தில் இயந்திரத்தை உங்கள் சொந்த மின்னிணைப்பில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். கடையில் ஒழுங்காக நின்ற ஆர்க் இங்கே அணைந்து அணைந்து எரிந்தால் முதலில் வயரையும் எர்த்தையும் சோதிக்க வேண்டும்; அவை சரியாக இருந்தும் ஆர்க் நிற்கவில்லை என்றால், குறைந்த வோல்டேஜைத் தாங்கும் வகைக்கு மாற்றித் தரும்படி அந்தக் கெடுவுக்குள்ளேயே கேட்டுவிடுங்கள்.